பாரசீகம் பேசுபவர்களும் ஆங்கிலத் தேர்வுச் சொற்களும்: அடிக்கடி வரும் கேள்விகள்

துபாய், கோலாலம்பூர், டொராண்டோ போன்ற ஊர்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தமிழ் ஆசிரியர்களிடம் ஈரானிய, ஆப்கான் மாணவர்கள் வந்து சேர்வது சாதாரணமாக நடப்பதுதான். நானும் அப்படிப்பட்ட மாணவர்களுக்கு ஆன்லைனில் பாடம் எடுப்பவன். சக ஆசிரியர்கள் கேட்டவை, மாணவர்களே கேட்டவை இரண்டும் இங்கே கலந்திருக்கின்றன. இலக்கணமும் கட்டுரை அமைப்பும் தனிக்கதை. இங்கே சொல்வளம் மட்டும்.

பாரசீகம் என்றால் ஈரான் மட்டும்தானா?

இல்லை. ஈரானில் ஃபார்சி, ஆப்கானிஸ்தானில் தாரி, தஜிகிஸ்தானில் தஜிக் என்று பெயர்தான் மாறும், அடிப்படையில் ஒரே மொழி. ஆனால் பாடத்தில் வித்தியாசம் தெரியும். தஜிக் சிரிலிக் எழுத்தில் எழுதப்படுவது, ரஷ்யச் சொற்கள் மண்டிக்கிடப்பது. துஷான்பே மாணவருக்கு 'மகஸின்' என்றால் கடை. அதனால் 'மேகசின்' என்ற சொல் வரும் இடத்தில் ஒரு நொடி தடுமாறுவார். தெஹ்ரான்காரருக்கு 'வி'யும் 'டபிள்யூ'வும் ஒன்றாகவே வாயில் வரும், காபூல்காரருக்கு 'டபிள்யூ' இயல்பாக வரும். கீழே சொல்வதில் பெரும்பகுதி ஈரான் மாணவர்களை மனதில் வைத்தது.

அவர்கள் எந்தத் தேர்வுக்குப் படிக்கிறார்கள்?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு முயற்சி செய்வதையே ஈரானில் 'அப்லாய்' செய்வது என்கிறார்கள். அப்லாய் என்று சொன்னாலே ஐஈஎல்டிஎஸ் அல்லது டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு கூடவே வரும், அமெரிக்கா என்றால் சில துறைகளுக்கு மேற்படிப்பு நுழைவுத் தேர்வான ஜிஆர்இயும் சேரும். நாட்டுக்குள்ளேயே பிஎச்டி செய்பவர்களுக்கு அறிவியல் அமைச்சகம் நடத்தும் எம்எஸ்ஆர்டி, ஆசாத் பல்கலைக்கழகத்தின் இபிடி என்று வேறு தேர்வுகள் உண்டு.

இதைக் கேட்டுக்கொள்ளாமல் ஒரு சொற்பட்டியலைக் கையில் கொடுப்பது வீண் வேலை. எம்எஸ்ஆர்டி, இபிடி இரண்டும் விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகள், எனவே சொல்லைப் பார்த்தால் பொருள் தெரிந்தால் போதும். ஜிஆர்இயில் ஆறு சொற்களிலிருந்து வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைப் பொறுக்க வேண்டிய கேள்விகள் வரும். அங்கே நூலிழை வித்தியாசம்தான் விஷயம். ஐஈஎல்டிஎஸில் அந்தச் சொல்லை நீங்களே எழுத வேண்டும், பேச வேண்டும். ரைட்டிங்கிலும் ஸ்பீக்கிங்கிலும் மதிப்பெண்ணில் நாலில் ஒரு பங்கு சொல்வளத்துக்கு. ஒரு சொல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கும் அதை எடுத்துப் பயன்படுத்துவதற்கும் நடுவே உள்ள தூரம் பெரியது. ஈரானிய மாணவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான்.

மொத்தம் எத்தனை சொல் தெரிந்திருக்க வேண்டும்?

மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் போட்ட கணக்கு ஒன்று உண்டு. எழுதப்பட்ட ஆங்கிலத்தில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்பது அது. கேட்டதும் மயக்கம் வரும். அதனால் மாணவர்களிடம் நான் இதைவிடச் சின்னதான ஒன்றைத்தான் முதலில் காட்டுவேன். ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல் அது. அதில் 570 சொற்குடும்பங்கள்தான், ஆனால் கல்வித்துறை எழுத்துகளில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு சொல் அதிலிருந்து வருகிறது. ஐஈஎல்டிஎஸ் அகாடமிக் எழுதுபவருக்கு இதைவிட லாபமான பட்டியல் எனக்குத் தெரிந்து இல்லை.

'504' புத்தகத்தை முடித்துவிட்டேன். போதாதா?

ஈரானில் ஆங்கிலம் படித்த யாரைக் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்வார்கள். 42 பாடம், பாடத்துக்கு 12 சொல், ஆக 504. அமெரிக்காவில் தயாரான ஆங்கிலச் சொற்பயிற்சிப் புத்தகம். தெஹ்ரான் பல்கலைக்கழகத்துக்கு எதிரே இன்கலாப் சாலையில் வரிசையாகப் புத்தகக் கடைகள் இருக்கின்றன. பெர்ன் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் ஈரான் சேரவில்லை, அதனால் இப்படிப்பட்ட வெளிநாட்டுத் தேர்வுப் புத்தகங்களின் உள்ளூர் மறுஅச்சு அங்கே தாராளமாகக் கிடைக்கும், பாரசீக மொழிபெயர்ப்போடும்.

புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. ஆனால் மாணவர் படிக்கும் விதத்தைப் பாருங்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் பாரசீகச் சொல், நடுவில் ஒரு கோடு. வாக்கியத்தைக் கண் தாண்டிப் போய்விடுகிறது. ஈரானின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான கோன்கூர் பழக்கிவிட்ட மனப்பாடம் அது. எம்எஸ்ஆர்டிக்கு அது ஓடும். ஐஈஎல்டிஎஸ் ரைட்டிங்கில் ஒன்பதுக்கு ஆறு மதிப்பெண்ணிலேயே முட்டி நிற்கும்.

ஏன் ஆறில் நிற்கிறது? சொல் தெரிகிறதே!

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

பாரசீகத்தில் வினைகளில் பெரும்பாலானவை ஒற்றைச் சொல் அல்ல. ஒரு பெயர்ச்சொல்லோடு சின்ன வினை ஒன்றை ஒட்டுவார்கள். 'கொர்தன்' என்றால் சாப்பிடுவது. 'ஸர்மா கொர்தன்', குளிரைச் சாப்பிடுவது என்றால் சளி பிடிப்பது. 'ஸமீன் கொர்தன்', தரையைச் சாப்பிடுவது என்றால் கீழே விழுவது (நம்ம ஊர் ஜமீன்தான் அது). தோற்பது, சத்தியம் செய்வது எல்லாமே 'சாப்பிடுவது'தான். 'கொதக் கொர்தன்' அப்படியே நம்முடைய 'உதை தின்பது'. 'ஸதன்' என்றால் அடிப்பது. மணியை அடித்தால் போன் பண்ணுவது, பேச்சை அடித்தால் பேசுவது, டூத்பிரஷை அடித்தால் பல் தேய்ப்பது. காப்பி அடிப்பதும் சைட் அடிப்பதும் தெரிந்த தமிழருக்கு இது வேடிக்கையாகவே இருக்காது. அதனால்தான் ஈரானிய மாணவரின் சிக்கல் தமிழ் ஆசிரியருக்குச் சட்டென்று பிடிபடும் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத்திலும் இதே வழக்கம் உண்டு, ஒட்டும் வினைதான் வேறு. முன்னேறுவது பாரசீகத்தில் 'பீஷ்ரஃப்த் கர்தன்', அதாவது முன்னேற்றம் 'செய்வது'. மாணவர் 'டூ ப்ராக்ரஸ்' என்று எழுதுகிறார். ஆங்கிலத்துக்கு அங்கே 'மேக்' வேண்டும். கவனிப்பது 'தவஜ்ஜோ கர்தன்', கவனம் செய்வது. 'டூ அட்டென்ஷன்' என்று வருகிறது, வேண்டியதோ 'பே'. தேர்வு எழுதுவது 'எம்தெஹான் தாதன்', தேர்வைக் கொடுப்பது. ஸ்பீக்கிங் அறைக்குள்ளேயே 'ஐ கேவ் த எக்ஸாம் லாஸ்ட் இயர்' என்று சொல்லி வைப்பார்கள்.

ஒரு சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 'கன்க்ளூஷன்' என்ற சொல் எல்லோருக்கும் தெரியும், பாரசீகத்தில் 'நதீஜே'. முடிவுக்கு வருவதைப் பாரசீகத்தில் 'நதீஜே கெரெஃப்தன்' என்பார்கள், முடிவை 'எடுப்பது'. மாணவர் கட்டுரையின் கடைசிப் பத்தியில் 'வி கேன் டேக் திஸ் கன்க்ளூஷன்' என்று எழுதுவார். தேர்வாளருக்குப் புரியாமல் போகாது. ஆனால் ஆங்கிலத்தில் அதை 'டிரா' பண்ணுவார்கள், 'ரீச்' பண்ணுவார்கள், 'கம் டு' என்றும் சொல்வார்கள். 'டேக்' மட்டும் ஒட்டாது. ஐஈஎல்டிஎஸ் மதிப்பீட்டு அளவுகோலில் ரைட்டிங் ஏழுக்குச் சொல்வளத்தில் கேட்கப்படுவதில் ஒன்று, எந்தச் சொல் எதனோடு சேரும் என்ற உணர்வு. ஆக 'கன்க்ளூஷன்' தெரிந்தவருக்கு ஆறு, 'டிரா எ கன்க்ளூஷன்' கைக்கு வந்தவருக்கு ஏழு என்று கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லிக்கொள்ளலாம்.

எனவே புதிய பெயர்ச்சொல் படிக்கும்போதெல்லாம் அதன் வினையோடு சேர்த்தே எழுதச் சொல்கிறேன். மனப்பாடத்துக்கு எழுதும் அட்டைகளில் தனிச் சொல்லாக ஒன்று கூட இருக்கக் கூடாது.

ப்ரிபோசிஷனை எப்படிச் சரிசெய்வது?

இதுவும் அதே நோய்தான். பாரசீகத்தில் ஒன்றைப் பயன்படுத்துவது 'அஸ்...', அதாவது 'இருந்து' போட்டு வரும். அதனால் 'ஐ யூஸ்ட் ஃப்ரம் திஸ் புக்'. ரசிப்பதும் பயப்படுவதும் அதே 'இருந்து'. 'என்ஜாய் ஃப்ரம்', 'அஃப்ரெய்ட் ஃப்ரம்'. கல்யாணம் 'பா', 'உடன்' போட்டு வருவதால் 'மேரி வித்'. சார்ந்திருப்பதற்கு 'பெ' வருவதால் 'டிபெண்ட் டு'. இந்த ஐந்தையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். இவை ஐந்தும் போனாலே பேச்சில் பாதி ஈரானியச் சாயல் போய்விடும். விதியெல்லாம் சொல்லி நேரத்தைக் கடத்த வேண்டாம்.

பாரசீகத்தில் நிறைய ஐரோப்பியச் சொற்கள் இருக்கின்றனவே, அது உதவாதா?

உதவும், கூடவே காலை வாரியும் விடும். அந்தச் சொற்களில் பெரும்பகுதி பிரெஞ்சிலிருந்து வந்தவை. 'தேர்வு' என்ற பொருளில் கோன்கூரே பிரெஞ்சுதான். வந்த இடத்தில் பொருள் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. 'பாஸாஜ்' என்றால் ஈரானில் கடைகள் நிறைந்த வணிக வளாகம், ஆங்கில ரீடிங்கிலோ அது படிக்கக் கொடுக்கும் பகுதி. 'ரெஜீம்' என்றால் டயட். 'ஐ ஆம் ஆன் எ ரெஜீம்' என்று ஒருவர் சொன்னால் அரசியல் பேசவில்லை, எடை குறைக்கிறார். 'ஷான்ஸ்' அதிர்ஷ்டம், அதனால் 'ஐ ஹேவ் நோ சான்ஸ்' என்பது 'எனக்கு ராசி இல்லை' என்ற புலம்பல். 'ஆஜான்ஸ்' போன் செய்தால் வரும் டாக்சி. 'எதிகேத்' துணியில் தொங்கும் விலைச்சீட்டு. 'செர்வீஸ்' பள்ளி வேன், இடத்தைப் பொறுத்துக் கழிப்பறையும்கூட.

படிப்பைப் பற்றிய சொற்கள்தான் இதில் ஆபத்தானவை, ஏனென்றால் ஸ்பீக்கிங்கில் முதல் கேள்வியே பெரும்பாலும் படிப்பு, வேலை பற்றி. 'லீசான்ஸ்' என்பது இளங்கலைப் பட்டம். 'ஐ ஹேவ் எ லைசென்ஸ் இன் கெமிஸ்ட்ரி' என்றால் தேர்வாளர் என்ன நினைப்பார்? 'தீப்லோம்' பள்ளிப் படிப்பை முடித்த சான்று. வகுப்பில் எழுந்து நின்று ஒரு தலைப்பில் பேசுவது 'கொன்ஃபெரான்ஸ்' கொடுப்பது. பள்ளிக்கூடத்திலேயே நிறைய கான்ஃபரன்ஸ் கொடுத்ததாக ஒரு மாணவி சொன்னபோது நானும் கொஞ்சம் மலைத்துத்தான் போனேன்.

'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' என்று எழுதுவதை விடவே மாட்டேன் என்கிறார்கள்.

பாரசீகத்தில் 'எத்தெலாஆத்' (தகவல்), 'தஜ்ஹீஸாத்' (கருவிகள்), 'தஹ்கீகாத்' (ஆய்வு) எல்லாமே அரபு வழியில் வந்த பன்மைகள். மூலத்திலேயே பன்மை இருப்பதால் ஆங்கிலத்திலும் 'எஸ்' தானாக ஒட்டிக்கொள்கிறது. காரணத்தைச் சொல்லிவிட்டால் மாணவர்கள் சீக்கிரம் திருத்திக்கொள்கிறார்கள்.

பெரிய சொற்களைப் போட்டால் மதிப்பெண் கூடுமா?

பொருத்தமாக இருந்தால் கூடும். 'ப்ளெத்தோரா', 'மிரியட்' என்ற இரண்டையும் எப்படியாவது நுழைத்துவிடச் சொல்லும் பயிற்சி வகுப்புகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. 250 சொல் கேட்கும் கட்டுரையில் இப்படி நாலு சொல் துருத்திக்கொண்டு நின்றால் தேர்வாளர் அதை நொடியில் கண்டுகொள்வார்.

பாரசீகக்காரர்களுக்கு இதில் இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. இரட்டைச் சொல் போடுவது அவர்கள் நடையில் அழகு. அறிவைக் குறிக்க 'எல்ம் ஓ தானெஷ்' என்பார்கள், முதல் சொல் அரபு, இரண்டாவது பாரசீகம், இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருள். 'ரோஷ்த் ஓ தோஸெஏ', வளர்ச்சியும் மேம்பாடும். நாம் 'நோய் நொடி' என்பது போல. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியிலும் 'க்ரோத் அண்ட் டெவலப்மென்ட்', 'எய்ம்ஸ் அண்ட் கோல்ஸ்' என்று எழுதினால் சொல் எண்ணிக்கையை நிரப்புகிறார் என்றே தோன்றும். நான் இரண்டில் ஒன்றை அடித்துவிட்டு, மிச்சமான இடத்தில் ஒரு துல்லியமான பெயரடையைக் கேட்பேன். எந்த வளர்ச்சி? வேகமானதா, சீரற்றதா?

லைட்னர் பெட்டி நல்லதா, போன் ஆப் நல்லதா?

செபாஸ்டியன் லைட்னர் என்பவர் ஜெர்மன் மொழியில் 1972இல் வெளியிட்ட, அட்டைகளை வைத்து மனப்பாடம் செய்யும் முறை அது. ஒரு பெட்டி, அதில் அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னது முதல் அறைக்குத் திரும்பும். பின் அறைகளைத் திறக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போகும். ஈரானில் இதை ஒரு தனிப் பொருளாகவே கடையில் விற்கிறார்கள், 504 சொற்களை அட்டையில் அச்சடித்து உள்ளே போட்டும் கிடைக்கும்.

அச்சடித்த அட்டை வேண்டாம் என்பது என் கட்சி. கையால் எழுதும்போதே பாதி படிந்துவிடுகிறது. அட்டையின் முன்பக்கம் 'கன்க்ளூஷன்' என்றும் பின்பக்கம் 'நதீஜே' என்றும் இருந்தால் அது பழைய இடப்பக்கம் வலப்பக்கம் கதைதான். முன்பக்கத்தில் ஓர் ஆங்கில வாக்கியம், அதில் வினை மட்டும் காலி. பின்பக்கத்தில் 'டிரா', அதன் கீழே மாணவர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய இன்னொரு வாக்கியம். இப்படிச் செய்தால் ஒரு நாளைக்குப் பத்து அட்டைக்கு மேல் எழுத முடியாது. பத்து போதும்.

2022 டிசம்பரில் ஆப்கானிஸ்தானில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்ட பிறகு வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஆங்கிலம் படிக்கும் பெண்கள் நிறையப் பேர். அவர்களிடம் பெட்டியெல்லாம் பேசிப் பயனில்லை, கையில் இருப்பது போன்தான். இதே போல அட்டைகளைக் காட்டும் ஆன்கி போன்ற செயலிகள் இணையம் இல்லாதபோதும் ஓடும் என்பது அங்கே பெரிய விஷயம்.

வேர்ச்சொல் வழியாகப் படிக்கலாமா?

ஈரானிய மாணவர்களுக்கு இது நன்றாகவே எடுபடும். பள்ளியில் அரபு கட்டாயப் பாடம் என்பதால் மூன்றெழுத்து வேரிலிருந்து சொற்கள் கிளைப்பது அவர்களுக்குப் பழக்கம். 'எல்ம்', 'ஆலெம்', 'மொஅல்லெம்', 'தஅலீம்' எல்லாம் ஒரே வேர். தமிழ் முஸ்லிம்களுக்கும் ஆலிம், உலமா தெரியும். பாரசீகத்திலும் முன்னொட்டுகள் உண்டு. 'ஹம்கார்' என்றால் கூட வேலை செய்பவர், 'கோவொர்க்கர்' என்ற சொல்லின் அச்சு. 'பீஷ்பீனி' என்றால் முன்கூட்டிக் கணிப்பது, சொல்லுக்குச் சொல் 'முன் பார்த்தல்'. 'ப்ரிடிக்ட்' என்பதன் லத்தீன் வேர் 'முன் சொல்லல்'. இதைக் காட்டியதும் மாணவர் முகம் மலரும்.

ஆனால் அரபு வேர் போல ஆங்கிலத்தில் கணக்காக வராது. 'ரிஜெக்ட்', 'சப்ஜெக்ட்', 'ஆப்ஜெக்ட்' மூன்றிலும் ஒரே வேர்தான், அதை வைத்து 'சப்ஜெக்ட்' என்றால் பாடம் என்று யாராலும் ஊகிக்க முடியாது. தெரிந்த சொல்லை மறக்காமலிருக்க வேர் உதவும், தெரியாத சொல்லுக்குப் பொருள் தேட வேரை மட்டும் நம்பக் கூடாது.

'பராதர்', 'மாதர்', 'தொக்தர்' எல்லாம் ஆங்கிலம் போலவே இருக்கின்றனவே?

இரண்டும் இந்தோ ஐரோப்பிய மொழிகள், உறவு உண்மைதான். ஆனால் உறவு தெரிவது அண்ணன், அம்மா, மகள், பெயர், கதவு அளவில். தேர்வுக்கு வேண்டிய உயர்நிலைச் சொற்கள் லத்தீனும் பிரெஞ்சும் தந்தவை. 'செக்மேட்' பாரசீக 'ஷா மாத்'திலிருந்து வந்தது என்று சொல்லி வகுப்பைக் கலகலப்பாக்கலாம், அவ்வளவுதான்.

சொல் தெரிந்தும் லிசனிங்கில் மதிப்பெண் போகிறது. ஏன்?

இரண்டு காரணம். லிசனிங்கில் எழுத்துக்கூட்டல் தப்பினால் விடையே தப்பு. பாரசீக எழுத்தில் குறில் உயிர்களை வழக்கமாக எழுதுவதில்லை, அதனால் ஆங்கிலச் சொல்லின் நடுவில் வரும் உயிரெழுத்தைக் கண் பதிவு செய்வதில்லை. 'செபரேட்' என்பதில் 'பி'க்குப் பின் வருவது 'ஏ'வா 'ஈ'யா? கேட்டுப் பாருங்கள். எனவே லைட்னர் அட்டையை வாயால் சொன்னால் மட்டும் போதாது, எழுதிக் காட்ட வேண்டும்.

இன்னொன்று அழுத்தம். பாரசீகப் பெயர்ச்சொற்களில் அழுத்தம் பொதுவாகக் கடைசி அசையில். 'மேனேஜ்மென்ட்' என்பதைக் கடைசியில் அழுத்தியே மனதில் பதித்தவருக்கு, முதல் அசையில் அழுத்தி வேகமாகச் சொன்னால் வேறு ஏதோ சொல் போலக் கேட்கும். புதிய சொல்லைப் படிக்கும் அன்றே ஒலியையும் கேட்க வேண்டும். 'எஸ்கூல்', 'எஸ்டூடன்ட்' என்று முன்னால் ஓர் எகரம் சேர்ப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நம்மில் 'இஸ்கூல்' சொல்லாதவர் யார்?

பாரசீக அகராதி வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம். பொருளை அதில் பார்க்கட்டும், சொல் எதனோடு சேரும் என்பதை மட்டும் ஆங்கில மாணவர் அகராதியில் பார்க்கட்டும். ஆங்கிலம்-ஆங்கிலம் தவிர வேறெதையும் தொடாதே என்று கண்டிப்பது நேர விரயம்.

கட்டணம் கட்டுவதில் ஏதோ சிக்கல் என்கிறார்களே?

ஈரானில் விசா, மாஸ்டர்கார்டு வேலை செய்யாது. 2010 ஜூலையில் வங்கித் தடைகள் காரணமாக டோஃபல், ஜிஆர்இ பதிவே சில காலம் அங்கே நிறுத்தப்பட்டது. டாலர் கட்டணத்தை இடைத்தரகர் வழியாகக் கட்டுபவர்களும், ஆர்மீனியாவின் யெரெவானுக்கோ துருக்கியின் இஸ்தான்புல்லுக்கோ போய்த் தேர்வு எழுதுபவர்களும் உண்டு. ரியாலின் மதிப்பு சரிந்துகொண்டே போவதால் ஒரு முயற்சிக்கே பெருந்தொகை. 'சும்மா ஒரு தடவை எழுதிப் பாருங்களேன்' என்று இவர்களிடம் சொல்லாதீர்கள்.

தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. என்ன படிக்கட்டும்?

புதுச் சொல் ஒன்றும் வேண்டாம். தான் எழுதிய பழைய கட்டுரைகளை எடுத்து, 'டூ', 'டேக்', 'கிவ்', 'ஃப்ரம்' வரும் இடங்களில் எல்லாம் கோடு போட்டு, ஒவ்வொன்றையும் அகராதியில் சரிபார்க்கட்டும். படிப்பு, வேலை, ஊர் பற்றி இரண்டு நிமிடம் பேசிப் போனில் பதிவு செய்து 'லைசென்ஸ்', 'சான்ஸ்', 'சர்வீஸ்' எங்கே வருகிறது என்று கேட்கட்டும். மிச்ச நேரத்தில் தூங்கட்டும்.